கைப்பிடி அரிசிக் கலயம்

நேயர்கள் எல்லோருக்கும் என் அன்பு வணக்கம்.

இன்றைக்கு என் அம்மாவைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். 1935இல் திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தார். 2024இல் அயனாவரத்தில் எங்கள் வீட்டில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். இடையில் 68 வருஷம் சென்னைவாசி. பெரிய பதவி எதிலும் இருந்தவர் இல்லை. சபையின் பெண்கள் ஐக்கியத்தில் மூன்று வருஷம் பொருளாளராக இருந்தார், அவ்வளவுதான். ஆனால் அவரை அடக்கம் செய்த அன்று எங்கள் தெருவில் நின்றவர்களில் பாதிப் பேரை எங்களுக்கே யாரென்று தெரியவில்லை. ஒவ்வொருவராக வந்து, "அம்மா எனக்கு இதைச் செய்தாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அம்மாவை நினைத்தால் எனக்கு முதலில் ஒரு கலயம்தான் கண்ணில் தெரியும். மண் கலயம். எங்கள் சமையலறையில் அடுப்புக்கு வலது பக்கம் இருக்கும். திருநெல்வேலிக் கிறிஸ்தவக் குடும்பங்களில் வளர்ந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சோறு பொங்க அரிசி அளந்து போடுகிறோம் இல்லையா, அதிலிருந்து ஒரு பிடி எடுத்து அந்தக் கலயத்தில் போட்டுவிட வேண்டும். மாதக் கடைசி ஞாயிறு அதை ஆலயத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இல்லாதவர்களுக்கும் பிள்ளைகள் விடுதிக்கும் அது போகும். கைப்பிடி அரிசி என்று பெயர்.

இதில் அம்மாவுக்கு ஒரு கண்டிப்பு உண்டு. அரிசியைக் களைவதற்கு முன்னால் எடுக்க வேண்டும். களைந்த பிறகு ஞாபகம் வந்தால் அந்த ஈர அரிசியை எடுத்து வைக்க முடியாது, அன்றைக்குத் தவறியது தவறியதுதான். சோறு மிஞ்சினால் கொடுக்கலாமே என்று கேட்டால், "மிஞ்சுனது வேற, இது வேற" என்பார். களைவதற்கு முன்னால். இதை நான் இன்னும் இரண்டு மூன்று தடவை சொல்லக்கூடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சரி, அம்மா சென்னைக்கு வந்த கதைக்கு வருகிறேன். பெரம்பூரில் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையை 1955 அக்டோபர் 2ஆம் தேதி நேரு திறந்து வைத்தார். அடுத்த வருஷமே அப்பாவுக்கு அங்கே ஃபிட்டர் வேலை கிடைத்தது. கல்யாணமாகி இரண்டே மாதம். எழும்பூர் ஸ்டேஷனில் அம்மா இறங்கும்போது கையில் ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு வேதாகமம், துணியில் சுற்றிய இந்தக் கலயம். வழியில் உடையாமல் இருக்க ராத்திரி முழுக்க மடியிலேயே வைத்திருந்தாராம்.

நாங்கள் நான்கு பிள்ளைகள். நான் மூத்தவள், 1960இல் பிறந்தேன். எனக்கு ஆறு வயதில் நடந்ததைச் சொல்கிறேன். இதை நான் பேத்திகளுக்குப் பல தடவை சொல்லியிருக்கிறேன்.

அது அரிசிப் பஞ்ச காலம். உங்களில் வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 1965, 66 இரண்டு வருஷமும் நாட்டில் மழை பொய்த்தது. அமெரிக்காவிலிருந்து கப்பல் கப்பலாகக் கோதுமை வந்தது. சப்பாத்தி என்றால் என்னவென்றே தெரியாத எங்கள் அம்மாக்கள் அப்போதுதான் மாவு பிசையக் கற்றுக்கொண்டார்கள். ரேஷன் கடை வரிசையில் கால்கடுக்க நின்றாலும், கிடைத்த அரிசி வாரத்துக்குக் காணாது. அடுத்த வருஷத் தேர்தலில் 'ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்' என்ற பேச்சு ஊரெல்லாம் எடுபட்டது என்றால், அரிசிக்கு எவ்வளவு தட்டுப்பாடு இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஒருநாள் ராத்திரி அப்பா சொன்னார், "பிள்ளைகளுக்கே பத்தல. இதுல இன்னும் எடுத்து வைக்கணுமா? கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வை." அப்பா கல்நெஞ்சக்காரர் இல்லை. தொழிற்சாலையில் நாள் முழுக்க இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு வந்து, தன் தட்டிலிருந்ததை எங்களுக்குத் தள்ளிவிடுகிற மனிதர். அம்மா பதில் பேசவில்லை.

மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டார். "ஏட்டி, இங்க வா. கையை நல்லாக் கழுவித் தொடச்சிட்டு வா." போனேன். உழக்கில் அரிசி அளந்து முறத்தில் கொட்டியிருந்தது. "இதுல ஒரு பிடி எடுத்துக் கலயத்துல போடு" என்றார். என் கை எவ்வளவு இருக்கும்? எடுத்தேன், பாதி விரலிடுக்கில் வழிந்துவிட்டது. மிச்சம் இருந்ததைப் போட்டேன். அம்மா அப்பாவைப் பார்த்து, "ஒரு பிடின்னுதான சொல்லியிருக்கு, யாரு பிடின்னு சொல்லலையே" என்றார். அப்பா வாயைத் திறக்கவில்லை. காலணியை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

அன்றிலிருந்து ஒன்றரை வருஷம் அது என் வேலை. பள்ளிக்கூடம் போவதற்கு முன் ஒரு பிடி. காய்ச்சலில் படுத்திருந்த நாளில்கூட அரிசி என் பாய்க்கு வந்தது. சாறிபாத் ஊர் விதவை கடைசிப் பிடி மாவில் எலியா தீர்க்கதரிசிக்கு அடை சுட்டுக் கொடுத்த கதையை ஓய்வுநாள் பள்ளியில் கேட்டபோது, எங்கள் வீட்டுக் கதையை யார் போய்ச் சபைப் போதகர் ஐயரிடம் சொன்னார்கள் என்று யோசித்தேன். மறுபடி அரிசி தாராளமாக வரத் தொடங்கியதும் ஒருநாள் அம்மா, "போதும்ட்டி, இனி நான் எடுக்கேன்" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இந்தப் பழக்கம் எங்களுக்கு மட்டும் சொந்தம் என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் மாமி வீட்டிலும் ஒரு டப்பா இருந்தது. காஞ்சிப் பெரியவர் சொன்ன பிடி அரிசித் திட்டம் அது. அரிசியோடு ஒரு காசும் போடுவார்கள். சில மாதக் கடைசிகளில் மாமியும் அம்மாவும் வாசல்படியில் உட்கார்ந்து, இரண்டு வீட்டு அரிசியிலும் ஒன்றாகக் கல் பொறுக்குவார்கள். மிசோரம் மலைகளிலும் சபைப் பெண்கள் நூறு வருஷத்துக்கும் மேலாக இதையே செய்கிறார்கள், புஹ்ஃபாய் தாம் என்று சொல்கிறார்கள் என்பதை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் படித்தேன்.

இன்னொன்று. சமைக்கிறவர்களுக்கு இது புரியும். ஐம்பது வீட்டு அரிசியை ஒரே அண்டாவில் கொட்டினால் என்ன ஆகும்? புழுங்கல், பச்சை, பழசு, புதுசு, ரேஷன் அரிசி எல்லாம் கலந்துவிடும். உலையில் போட்டால் ஒன்று குழையும்போது இன்னொன்று நறுக்கரிசியாக நிற்கும். அம்மா பொருளாளராக இருந்தபோது ஆலய வராந்தாவில் பச்சைக்கு ஒன்று, புழுங்கலுக்கு ஒன்று என்று இரண்டு அண்டா வைத்தார். அப்படியும் கலந்து வந்ததை ஊறப்போட்டு அரைத்து, விடுதிப் பிள்ளைகளுக்கு இட்லியாக்கினார். இரக்கப்பட்டுக் கொடுத்தால் மட்டும் போதாது, அது வாங்குகிறவர் வாயில் சோறாக வேக வேண்டும் என்று நினைத்தவர் அவர்.

அந்தக் கவனம் சுனாமி சமயத்திலும் தெரிந்தது. 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். ஆராதனை முடிந்து வெளியே வரும்போதுதான் கடற்கரைச் செய்தி எங்களுக்கு எட்டியது. அடுத்த நாட்களில் முகாம்களுக்குச் சோற்றுப் பொட்டலங்கள் வந்து குவிந்தன. பழைய துணி மூட்டைகள் உடுத்த ஆளில்லாமல் தெருவோரம் கிடந்தன. 69 வயது அம்மா ஒரு முகாமுக்குப் போய் அங்கிருந்த பெண்களோடு ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்து எங்களிடம், "பாவாடையும் துண்டும் வாங்குங்க, புதுசா வாங்குங்க. மாசத் துணிக்கு அந்தப் பிள்ளைக யாருகிட்டப் போய்க் கேப்பாங்க?" என்றார்.

2020 ஊரடங்கில் ஆலயம் பூட்டிவிட்டார்கள். மாதக் கடைசி ஞாயிறு வந்தது, போனது. கலயம் நிரம்பிவிட்டது. வண்டு வராமல் இருக்க நாலு மிளகாய் வற்றலைப் போட்டு வைத்துப் பார்த்தோம். "இது யாருக்காவது போயாகணும்" என்று அம்மா ஒரே பிடியாக நின்றார். கடைசியில் காலையில் குப்பை வாங்க வருகிற மாநகராட்சித் தொழிலாளிப் பெண்ணைக் கூப்பிட்டு அவர் பையில் கொட்டினோம். அதன் பிறகு மாதாமாதம் பாதி அவருக்கு என்று ஆகிவிட்டது. படுக்கையில் விழுந்த பின்பும், அடுக்களையில் உழக்குச் சத்தம் கேட்டால் அறையிலிருந்து குரல் வரும், "ஏட்டி, எடுத்து வச்சியா?" களைவதற்கு முன்னால்!

அப்பாவைப் பற்றி இன்னும் கொஞ்சம், தம்பி தங்கைகளைப் பற்றி, அம்மா பாடும் கீர்த்தனைகளைப் பற்றி எல்லாம் குறித்துக்கொண்டு வந்தேன். ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். இரண்டு நிமிஷம். அப்படியானால் ஆஸ்பத்திரியை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

முப்பது வருஷத்துக்கு மேல் புதன்கிழமை மத்தியானங்களில் அம்மா ஓர் அரசு மருத்துவமனையின் பெண்கள் வார்டுக்குப் போய் வந்தார். பையில் ஃபிளாஸ்கில் கஞ்சி, சின்னப் புட்டியில் தேங்காய் எண்ணெய், சீப்பு, ரிப்பன். வெளியூரிலிருந்து வந்து கிடக்கிற பெண்களுக்குத் துணைக்குப் புருஷனோ மகனோதான் வந்திருப்பார்கள். மருந்து வாங்குவார்கள், தலையை யார் வாரிவிடுவது? அம்மா முதலில் சிக்கெடுத்து, எண்ணெய் வைத்து, பின்னிவிடுவார். பேரும் ஊரும் அதன் பிறகுதான் கேட்பார். ஜெபிக்கட்டுமா என்று கேட்பது எல்லாவற்றுக்கும் கடைசியில். வேண்டாம் என்றால் சரி என்று சிரித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்.

கடைசி மாதங்களில் நான் அம்மாவுக்குத் தலை வாரினேன். முடி கொஞ்சம்தான் இருந்தது. வலிக்குமோ என்று லேசாகப் பின்னினால் திரும்பிப் பார்த்துச் சொல்வார், "இறுக்கிப் பின்னுட்டி, ராத்திரி அவுந்துரும்."

நன்றி. வணக்கம்.