துணைக் கட்டுரையில் நீங்கள் எங்கே?

நேயர்களுக்கு வணக்கம்.

நம் ஊரில் பொறியியல் கலந்தாய்வுக்குப் போனால், 200-க்குக் கட்-ஆஃப் எவ்வளவு என்பதோடு பேச்சு முடிந்துவிடும். 'நீ யார், எங்களிடம் ஏன் வருகிறாய்?' என்று யாரும் கேட்பதில்லை. அமெரிக்கக் கல்லூரிகளில் சேர விண்ணப்பித்தால் கேட்கிறார்கள். பிளஸ் டூவில் முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளைகூட அங்கேதான் திணறுகிறது.

காமன் ஆப் என்ற பொது விண்ணப்பத்தில், 650 சொற்களுக்குள் ஒரு கட்டுரை உண்டு. அதன் வழியாக நீங்கள் விண்ணப்பிக்கும் கல்லூரிகளுக்கெல்லாம் அதே கட்டுரைதான் போகும். அதற்கு மேல் பல கல்லூரிகள் தங்களுக்கென்றே தனியாகத் துணைக் கட்டுரை கேட்கும். யேல் பல்கலைக்கழகம் ஏன் பிடித்திருக்கிறது என்று சொல்ல யேல் தருவது 125 சொற்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்குத் தனி விண்ணப்பம்: எட்டுக் கேள்விகளில் நான்குக்குப் பதில், ஒவ்வொன்றும் 350 சொற்களுக்குள்.

'பொத்தாம்பொதுவாக எழுதாதே' என்று எல்லோரும் சொல்கிறார்கள். உடனே பிள்ளைகள் கல்லூரியின் இணையதளத்தைத் திறந்து, ஒரு பேராசிரியர் பெயர், இரண்டு பாட எண், ஓர் ஆய்வகம் என்று பொறுக்கிக் கோத்துவிடுகிறார்கள். உங்கள் கட்டுரையைப் படிப்பவர் அந்தக் கல்லூரியின் சேர்க்கை அலுவலகத்திலேயே உட்கார்ந்திருப்பவர். அவருடைய இணையதளத்தை அவருக்கே ஒப்பித்து என்ன ஆகப்போகிறது? விவரம் வரவேண்டியது உங்கள் பக்கத்திலிருந்து.

தூத்துக்குடி உப்பளக் குடும்பத்துப் பெண் ஒருத்தி, பிரவுன் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். 'சிறு வயது முதலே எனக்கு வேதியியலில் ஆர்வம்' என்று தொடங்குகிறாள். இதை யார் வேண்டுமானாலும் எழுதலாம். அவள் வீட்டிலோ தினமும் 'டிகிரி' பேச்சுதான். அடர்த்தி மானியைப் பாத்தி நீரில் மிதக்கவிட்டு, நீரின் அடர்த்தி எத்தனை டிகிரி என்று பார்ப்பார்கள். 25 டிகிரிவாக்கில் உப்பு விளையத் தொடங்கும். 30-ஐ நெருங்கினால் மெக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும் என்று மிச்ச நீரை வெளியேற்றுவார்கள். அந்தக் கசப்பு நீர் எங்கே போகிறது, அதில் என்ன கிடைக்கும், யாருக்கு லாபம்? இது அவளுடைய கேள்வி. வேதியியல் மட்டும் படித்தால் பதில் கிடைக்காது. கடலும் வேண்டும், பொருளாதாரமும் வேண்டும். பிரவுனில் 1969 முதல் திறந்த பாடத்திட்டம். எடுத்த துறைக்கு வெளியே இன்னின்ன பாடம் கட்டாயம் என்ற பட்டியல் கிடையாது. இப்போது 'ஏன் பிரவுன்?' என்பதற்குப் பதில் தானாக வந்துவிட்டதா? இதே கட்டுரையை வேறு கல்லூரிக்கு அப்படியே அனுப்பவும் முடியாது.

உப்பளம் இல்லாத வீட்டுப் பிள்ளை என்ன செய்வது என்று கேட்பீர்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் தண்ணீர் லாரிக் கணக்கு எழுதுகிற பையனுக்கும் சொல்ல விஷயம் உண்டு. வறுமையை வரவழைத்துக்கொண்டு எழுத வேண்டாம், அவ்வளவுதான்.

கட்டுரையை எழுதித்தரக் காசு வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். சாட்ஜிபிடியும் இருக்கிறது. இயந்திரம் எழுதியதைத் தன் எழுத்தாகக் கொடுப்பதைக் காமன் ஆப் மோசடிப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அது கிடக்கட்டும், அந்த இயந்திரத்துக்கு உங்கள் வீட்டு டிகிரிப் பேச்சு எப்படித் தெரியும்?

அப்புறம், ஸ்டான்ஃபோர்டு ஒரு கேள்வி கேட்கும்: உங்களோடு அறையில் தங்கப்போகிறவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள் என்று. அதிலும் நம் பிள்ளைகள் ஒலிம்பியாட் பதக்கத்தை அடுக்குகிறார்கள். அறைக்கு வரப்போகிறவருடைய முதல் கவலை, நீங்கள் குறட்டை விடுவீர்களா என்பது. விடுவீர்கள் என்றால் அதையே எழுதுங்கள்.