இன்னொவேட்டிவ்: புதுசாக இருந்தால் மட்டும் போதுமா?

[காட்சி: திருகோணமலை, உள்துறைமுக வீதி. பின்னால் கப்பல்கள்]

வணக்கம். வேலை விண்ணப்பம் எழுதுகிற நம் பிள்ளைகள் எல்லாரும் ஒரு சொல்லை விடாமல் சேர்க்கிறார்கள்: ‘இன்னொவேட்டிவ்’. அகராதியைப் புரட்டினால் ‘புதுமையான’ என்று இருக்கும். அது பாதிப் பொருள்தான். நேற்று வாங்கிய ஃபோன் புதுசு, ஆனால் அதை வாங்கிய நீங்கள் இன்னொவேட்டிவ் ஆகிவிட மாட்டீர்கள். ஒரு வேலை இதுவரை நடந்த விதத்தையே மாற்றி, நடைமுறைக்கும் வந்துவிட்ட புதுமைக்குத்தான் இந்தப் பெயரடை பொருந்தும்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் நிற்பதால் கப்பல் கதையே சொல்கிறேன்.

[காட்சி: கொள்கலன் கப்பலின் படம்]

இங்கே கோதுமை மொத்தமாக வந்து இறங்கும். கொள்கலன் கப்பல்களுக்குப் பேர்போனது கொழும்புதான். அந்தக் கொள்கலனைப் பாருங்கள், வெறும் இரும்புப் பெட்டி. பெட்டியில் சாமான் அடைப்பது 1956-க்கு முன்பும் இருந்ததுதான். அமெரிக்காவில் லொறிக் கம்பனி வைத்திருந்த மால்கம் மெக்லீன் அந்த ஆண்டு ஏப்ரலில் ஒரு பழைய எண்ணெய்க் கப்பலை மாற்றியமைத்து, 58 பெட்டிகளை நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். மூட்டை மூட்டையாகச் சுமந்து ஏற்றினால் தொன்னுக்கு 5.83 டொலர் செலவு. இந்த முறையில் 16 சதம்கூட ஆகவில்லை என்பது அன்று போட்ட கணக்கு. லொறி, கப்பல், பாரந்தூக்கி மூன்றும் ஒரே பெட்டியைக் கையாள வேண்டும் என்பதுதான் அவருடைய யோசனை. பெட்டி பழசு, முறை புதுசு. ‘இன்னொவேட்டிவ்’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

அப்படியானால் கண்டுபிடிப்பாளரை எப்படிச் சொல்வது? ‘இன்வென்டிவ்’. பொருளியலாளர் ஜோசப் ஷும்பீட்டர் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார்: கண்டுபிடிப்பது ஒன்று, அதைச் சந்தைக்கும் வாழ்க்கைக்கும் கொண்டுவருவது இன்னொன்று. நாம் புத்தாக்கம் என்று சொல்வது இரண்டாவதை.

[காட்சி: சுவாமி மலை, கீழே கடல்]

இந்தப் பாறையடிக் கடலில் 1956-ல் மூழ்கி, பழைய கோணேசர் கோயிலின் இடிபாடுகளைப் பார்த்தவர் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க். பூமியோடு சேர்ந்தே சுற்றுகிற செயற்கைக்கோள்கள் வழியாக உலகம் முழுக்கத் தொடர்பு கொள்ளலாம் என்று 1945-லேயே எழுதியவரும் அவர்தான். அந்தக் கட்டுரையை ‘விஷனரி’ என்பார்கள், தொலைநோக்கு. 1964-ல் சின்கொம் 3 என்ற செயற்கைக்கோளை அந்தப் பாதையில் நிறுத்திக் காட்டிய பொறியியலாளர்களுக்குத்தான் ‘இன்னொவேட்டிவ்’ சரியாகப் பொருந்தும். ‘கிரியேட்டிவ்’ எண்ணத்தோடு நின்றாலும் பரவாயில்லை, இது செயலையும் கேட்கும். ‘கட்டிங் எட்ஜ்’ வேறு, இப்போதைக்கு ஆக முன்னணியில் நிற்கிற தொழில்நுட்பம். நாலு வருடத்தில் அது பழசாகிவிடும்.

நம் தெருவுக்கு மெட்டுப் போட்டபடி வருகிற பாண் ஓட்டோ? பாணும் பழசு, ஓட்டோவும் பழசு. பேக்கரியே வாசலுக்கு வந்துவிட்டதே! என்னைக் கேட்டால், செயலி ஒன்றைச் செய்துவிட்டுப் பெருமையடிக்கிற பலரைவிட இது இன்னொவேட்டிவ்.

ஒரு வேடிக்கை. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் இது வசைச்சொல். திருச்சபைச் சடங்குகளில் தன்னிஷ்டத்துக்குப் புதுமை செய்யக்கூடாது என்று ஆறாம் எட்வர்ட் மன்னர் பேரில் 1548-ல் அரசாணையே வந்தது. ஆயர்கள் புதுமை புகுத்துகிறார்கள் என்று குற்றம் சாட்டிய ஹென்றி பர்ட்டன் என்ற பாதிரியாரின் காதுகளை 1637-ல் அறுத்தார்கள். புதுமை செய்தவரை விட்டுவிட்டு, புதுமை என்று சொன்னவரைப் பிடித்திருக்கிறார்கள்!

[திரையில்: இன்னொவேட்டிவ் ஐடியா, இன்னொவேட்டிவ் அப்ரோச்]

சரி, பயன்பாடு. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும். ‘த டிசைன் இஸ் இன்னொவேட்டிவ்’ என்று பின்னாலும் வரும். ஒப்பிட ‘மோர்’, ‘மோஸ்ட்’ சேர்த்தால் போதும். உச்சரிக்கும்போது முதல் அசையை அழுத்துங்கள். ‘நியூ இன்னொவேஷன்’ வேண்டாம், நடுச்சென்டர் மாதிரி ஆகிவிடும்.

விண்ணப்பத்தில் ‘ஐ ஆம் இன்னொவேட்டிவ்’ என்று போட்டால், நேர்முகப் பரீட்சையில் அடுத்த கேள்வி ‘எப்படி?’ என்றுதான் வரும். அப்பாவின் மீன் கடைக்கு வாட்ஸப்பில் முன்பதிவு எடுத்து, மிஞ்சிப் போகிற மீனைக் குறைத்திருந்தால் அதையே எழுதுங்கள். அந்தப் பெயரடையை அவர்களே போட்டுக்கொள்வார்கள்.