பதினான்கு வளைவுகள்

நேயர்களுக்கு வணக்கம். குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளில், வளர்ச்சி தாமதமான பிள்ளைகளுக்குச் சிறப்பு ஆசிரியராக வேலை பார்க்கிறேன். நான் செய்த ஒரு தப்பைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

ஐந்து வயதுப் பையன். வாயில் நாலைந்து சொல்தான். மரக்கட்டைகளைப் பரப்பி, "மூன்று எடு" என்றேன். அவன் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். "எண் தெரியாது" என்று கோப்பில் எழுதிவிட்டேன்.

பிறகு ஒருநாள், காது பரிசோதனைக்காக அவனோடும் அவன் அம்மாவோடும் கோவைக்குப் பஸ் ஏறினேன். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்க 14 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு ஒரு விரலாக மடக்கிக்கொண்டே வந்தான். பத்தும் தீர்ந்ததும் அம்மாவின் கையை இழுத்து, அதில் நான்கை மடக்கினான். அப்புறம் கையை விட்டுவிட்டான். "எப்போதும் இப்படித்தான் டீச்சர்" என்றார் அம்மா. அதை நான் கேட்டிருக்கவே இல்லை.

மறுவாரம் கட்டைகளை மூட்டை கட்டினேன். வாசல் மண்ணில் மலைப்பாதை வரைந்தோம், தீப்பெட்டிதான் பஸ். வளைவுக்கு வளைவு பஸ் நிற்கும். அவன் "போ" என்றால்தான் நகரும். வாயைத் திறக்கும்வரை நாம் காத்திருக்க வேண்டும். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். இந்தப் பொறுமைக்குப் பயிற்சி வேண்டியது குழந்தைக்கு அல்ல, நமக்கு. "போ" வந்தது, பிறகு "அம்மா, போ" வந்தது.

பிள்ளைக்குப் பிடித்தது எதுவோ அதைப் பிடித்துக்கொண்டு போகச் சொல்கிறேனே தவிர, பரிசோதனையையும் பயிற்சியையும் விடச் சொல்லவில்லை. ஒன்றரை வயதாகியும் நடக்கவில்லை, இரண்டு வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை என்றால், "அவன் அப்பாவும் லேட்டாகத்தான் பேசினார்" என்று தள்ளிப்போடாதீர்கள். 2013 முதல் அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில், பிறப்பு முதல் 18 வயது வரை வளர்ச்சித் தாமதத்தையும் பார்க்கிறார்கள். மருத்துவக் குழு அங்கன்வாடிக்கே வரும். இன்னொன்று: சொந்தக்காரர்கள் வந்தால் "எண்ணிக் காட்டு" என்று பிள்ளையை நிறுத்தி வைக்காதீர்கள். அவனுக்கு அது விளையாட்டு. வித்தை ஆக்கிவிட்டால் விட்டுவிடுவான்.

இன்று இரவு ஒரு தாளில், உங்கள் பிள்ளை யாரும் சொல்லாமல் தானாகச் செய்யும் மூன்று காரியங்களை எழுதுங்கள். கேரட்டைப் பெரிது சிறிதாகப் பிரிக்கிறாளா, மாட்டைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறானா, எதுவானாலும் சரி. அடுத்த முறை பரிசோதனைக்கோ பயிற்சிக்கோ போகும்போது அந்தத் தாளைப் பிள்ளையின் கோப்பின் முதல் பக்கத்தில் வைத்துக்கொண்டு போங்கள்.