அச்சாணியைக் கேளுங்கள்

மதிப்பிற்குரிய அவைத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் பெரியோர்களே, ஒருவர் பெயரும் விடுபடாமல் வரவேற்புரை ஆற்றிய செயலாளர் அவர்களே, ஒலிபெருக்கி தந்து உதவிய நண்பரே, கடைசி வரிசை வரை நிறைந்திருக்கும் இசை அன்பர்களே, வணக்கம்.

ஜாஸோடு ராக் போன்ற இசைகள் கலந்த ஜாஸ் ஃபியூஷனில் எந்தக் குழு சிறந்தது? வேகம், ஒலி, இசையமைப்பு என்று மூன்று கோணங்களில் பேசப் போகிறேன்.

வேகம் என்றதும் ஜான் மெக்லாக்லின் 1971இல் தொடங்கிய மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவைச் சொல்வீர்கள். கிட்டாரைச் சொல்வீர்கள், பில்லி காப்ஹாமின் டிரம்ஸைச் சொல்வீர்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 'பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்' பாட்டில் ஒரு சுற்றுக்கு 18 எண்ணிக்கை. மற்றவர்கள் பறக்கும்போது தரையில் கால் ஊன்றி நின்றவர் பேஸ், அதாவது தாழ்ந்த ஸ்வரங்களைத் தரும் கிட்டார், வாசித்த ரிக் லேர்ட். அவர் பெயரை நம்மில் எத்தனை பேர் சொல்கிறோம்? அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது, அன்பர்களே!

அடுத்தது ஒலி. இங்கே வெதர் ரிப்போர்ட் குழுவில் பேஸ் வாசித்த ஜாகோ பாஸ்டோரியஸின் கருவியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அது 1962இல் செய்த ஃபெண்டர் ஜாஸ் பேஸ். அதில் ஃப்ரெட் கம்பிகள், அதாவது விரல்பலகையில் ஸ்வர இடம் காட்டும் குறுக்குக் கம்பிகள், கிடையாது. கம்பி இருந்த பள்ளங்களை அடைத்தாயிற்று. அடுத்து ஒரு சிக்கல். அவர் கட்டியது ரவுண்ட்வவுண்ட் தந்தி. சுற்றுக்கம்பி வெளியே தெரியும் தந்தி அது, அரம் மாதிரி மரத்தை அராவிவிடும். அதற்கு அவர் கண்ட வழி என்ன தெரியுமா? படகுக்குப் பூசும் எபாக்ஸி பிசின்! விரல்பலகை முழுக்கப் பூசினார். மரம் பிழைத்தது. அது மட்டுமா? அந்தக் கடினப் பரப்பில் ஸ்வரம் நீண்டு நின்று பாடியது. வெதர் ரிப்போர்ட்டின் 'ஹெவி வெதர்' ஆல்பம், 1977. முதல் பாட்டு 'பேர்ட்லாண்ட்'. தொடக்கத்தில் அடியில் நடப்பது அந்தக் குழுவின் ஜோ ஜாவினுல் வாசித்த சிந்தசைசர் என்ற மின்னணுக் கருவி. அதன் மேல் வரும் மெட்டைக் கிட்டார் என்று நினைப்பவர்கள் உண்டு. அதுதான் ஜாகோவின் பேஸ்! இடக்கையால் ஸ்வரத்தைப் பிடித்து, வலக்கைக் கட்டைவிரலால் தந்தியைப் பட்டும் படாமலும் தொட்டு மீட்டிய ஹார்மோனிக்ஸ், அதாவது மெல்லிய மேல் ஒலிகள். கட்டைவிரல் அழுந்தினால் ஒலி செத்துவிடும்.

என் ஓட்டு வெதர் ரிப்போர்ட்டுக்கு. பேஸ் வரியைக் கிட்டாரில்தான் வாசிக்க வேண்டும் என்றும் இல்லை. 1973இல் வந்த 'ஹெட் ஹண்டர்ஸ்' ஆல்பத்தில் கீபோர்டு கலைஞர் ஹெர்பி ஹான்காக் 'கமீலியன்' பாட்டின் பேஸ் வரியை ஏஆர்பி ஒடிசி சிந்தசைசரிலேயே வாசித்தார். கருவி மாறினாலும் அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது.

செல்போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். பேஸின் கனத்த தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. உள்ளங்கையில் அடங்கும் ஸ்பீக்கர் அந்த அடிநாதத்தைத் தராது, மேலே கிளம்பும் கிளை ஒலிகளைத்தான் தரும். ஹெட்ஃபோன் போடுங்கள். ஒப்பிடும் இரண்டு பாட்டுக்கும் சத்தத்தைச் சமமாக வையுங்கள். சற்றே உரக்க ஒலிப்பதுதான் காதுக்கு உசத்தியாகப் படும். முதல் முறை பேஸை மட்டும் பின்தொடருங்கள், மற்றதெல்லாம் இரண்டாம் முறைக்கு.

இசையமைப்பைத் தொட நேரமில்லை, தலைவர் மணி அடித்துவிட்டார். ஒரே வேண்டுகோள்: இனி பிடித்த குழுவின் பெயரை எழுதும்போது, பக்கத்திலேயே பேஸ் வாசித்தவர் பெயரையும் எழுதுங்கள். ரிட்டர்ன் டு ஃபாரெவர் என்றால் ஸ்டான்லி கிளார்க். மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா என்றால் ரிக் லேர்ட். நன்றி, வணக்கம்.