1582 அக்டோபரில் இல்லாத பத்து நாள்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதி என்றதும் நினைவுக்கு வருபவை போர்கள்தாம். 1565இல் தலைக்கோட்டை, 1571இல் லெபாந்தோ, 1588இல் ஸ்பெயினின் ஆர்மடா கப்பற்படை. நான் இன்று பேச எடுத்துக்கொண்டது போர் அல்ல, ஒரு தேதிக் கணக்கு. ஆனால் அதற்காகவும் தெருவில் கலவரம் நடந்தது.

1582 அக்டோபர் 4, வியாழக்கிழமை. ஸ்பெயின், போர்ச்சுகல், போலந்து, இத்தாலியின் பெரும்பகுதி ஆகிய இடங்களில் அன்றிரவு படுத்தவர்கள் காலையில் எழுந்தபோது தேதி அக்டோபர் 15. கிழமையில் மாற்றமில்லை, முறைப்படி வெள்ளிக்கிழமைதான். போப்பாண்டவர் பதின்மூன்றாம் கிரெகோரி நாட்காட்டியைத் திருத்தியதால், நடுவிலிருந்த பத்துத் தேதிகள் அந்த ஆண்டில் வரவே இல்லை. அந்த வியாழன் இரவில்தான் ஸ்பெயினின் ஆல்பா தே தோர்மெஸ் ஊர் மடத்தில் அவிலாவின் தெரேசா காலமானார். மறுநாளே அடக்கம். ஏட்டின்படி இறந்தது 4ஆம் தேதி, அடக்கம் 15ஆம் தேதி. கத்தோலிக்கர் அவருடைய திருநாளை இன்றும் அக்டோபர் 15இல்தான் கொண்டாடுகிறார்கள்.

இந்தக் குழப்பத்தின் வேர் ஜூலியஸ் சீசர் காலத்தில் இருக்கிறது. அவர் ஏற்படுத்திய நாட்காட்டியில் ஓர் ஆண்டுக்கு 365 நாள், 6 மணி நேரம். பருவங்களின் சுற்றோ அதைவிட ஏறத்தாழ 11 நிமிடம் குறைவு. பதினொரு நிமிடம்தானே என்று விட்டால் 128 ஆண்டில் ஒரு முழு நாள் ஆகிவிடுகிறது. பகலும் இரவும் சமமாகும் வசந்த காலத்து நாளை மார்ச் 21 என்று வைத்துத்தான் திருச்சபை ஈஸ்டரைக் கணக்கிட்டது. பதினாறாம் நூற்றாண்டில் அந்த நாள் மார்ச் 11க்கே வந்துவிட்டது. வத்திக்கானில் இதை இஞ்ஞாசியோ தாந்தி என்ற துறவி கண்ணுக்குத் தெரியும்படி செய்துவைத்தார். காற்றுக் கோபுரம் என்றழைக்கப்படும் கட்டடத்தின் ஓர் அறையில் சுவரில் சிறு துளை, தரையில் வடக்கு தெற்காக ஒரு கோடு. நண்பகலில் துளை வழியே விழும் வெயில் அந்தக் கோட்டைத் தொடும் இடத்தைப் பார்த்தால் போதும், நாட்காட்டி எவ்வளவு பிசகியிருக்கிறது என்பது படிக்காதவனுக்கும் புரிந்துவிடும்.

திருத்தத்தின் வழியைக் கண்டுபிடித்தவர் போப்பாண்டவரும் அல்லர், அவருடைய கர்தினால்களும் அல்லர். தென் இத்தாலியின் கலாப்ரியாவைச் சேர்ந்த லூயிஜி லிலியோ என்ற மருத்துவர். 1576இல் அவர் இறந்துவிட, தம்பியோ அண்ணனோ, உடன்பிறந்தவரான அந்தோனியோ அந்தக் கையெழுத்துப் பிரதியை ரோமில் கொடுத்தார். நூறால் வகுபடும் ஆண்டு 400ஆலும் வகுபட்டால்தான் லீப் ஆண்டு என்ற விதி அதில் வந்ததுதான். அதனால்தான் 1900 லீப் ஆண்டாக இல்லை, 2000 லீப் ஆண்டாக இருந்தது. கணக்கைச் சரிபார்த்து, பின்னாளில் அதற்காக ஊர் வாயெல்லாம் அடைக்க வேண்டியிருந்தவர் கிளாவியஸ் என்ற ஜெர்மானிய இயேசு சபைத் துறவி.

பதின்மூன்றாம் கிரெகோரி 1582 பிப்ரவரி 24 தேதியிட்டு வெளியிட்ட ஆணையில் எனக்குப் பிடித்த இடம் வானியல் பகுதி அன்று, கடன்காரர்களைப் பற்றியது. பத்து நாள் போனதால் தவணை செலுத்துபவர் யாரும் நட்டப்படக் கூடாது, வழக்கு வந்தால் நீதிபதிகள் கெடுவோடு பத்து நாளைக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்று அதில் இருக்கிறது. அந்தோனியோவுக்குக் கிடைத்த பரிசும் சுவையானது: புதிய நாட்காட்டியை அச்சிட்டு விற்கும் தனியுரிமை. தேவைக்கேற்ப அச்சடித்துத் தர அவரால் முடியவில்லை. செப்டம்பரிலேயே உரிமையைப் பறித்துவிட்டார்கள்.

கணக்கில் பெரிய குறை இல்லை. சொன்ன ஆள் போப்பாண்டவர் என்பதுதான் பாதி ஐரோப்பாவுக்குப் பொறுக்கவில்லை. லூத்தரன்கள் என்ற புராட்டஸ்டண்டுகளும் கத்தோலிக்கரும் கலந்து வாழ்ந்த, ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில், சுற்றுவட்டாரச் சந்தைகளோடு தேதி ஒத்துப்போக வேண்டும் என்று நகர மன்றம் புதிய கணக்கை ஏற்றது. லூத்தரன் போதகர்கள் எதிர்த்தார்கள். 1584 கோடையில் அவர்களுள் தலையானவரை ஊரைவிட்டு அகற்ற முயன்றபோது மக்கள் ஆயுதங்களோடு திரண்டுவிட்டார்கள். இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத்துக்கு ஜான் டீ என்ற கணித அறிஞர் திருத்தத்தைப் பரிந்துரைத்தார். அரசவையிலும் ஆதரவு இருந்தது. பேராயரும் ஆயர்களும் முட்டுக்கட்டை போட, விஷயம் கிடப்பில் போனது. அதன் விளைவை 1588இல் காணலாம். ஆர்மடாவும் ஆங்கிலக் கப்பல்களும் கிராவ்லின் அருகே மோதிய நாள் ஆங்கிலேயருக்கு ஜூலை 29, ஸ்பானியருக்கு ஆகஸ்ட் 8. சுட்டவனுக்கு ஒரு தேதி, சுடப்பட்டவனுக்கு வேறொரு தேதி!

இந்த வழக்கு நம் சோழமண்டலக் கரைக்கும் வந்து சேர்ந்தது. டச்சுக்காரர்களின் ஹாலந்து மாநிலம் புராட்டஸ்டண்ட் பகுதியாக இருந்தும் தொடக்கத்திலேயே புதிய கணக்குக்கு மாறியிருந்தது. டென்மார்க் 1700 வரை பழையதையே பிடித்துக்கொண்டிருந்தது. ஆகவே 1658இல் டச்சுக்காரர் வசமான நாகப்பட்டினத்தில் ஒரு தேதி என்றால், ஒரு நாள் நடையில் எட்டிவிடும் டென்மார்க்கின் வசமிருந்த தரங்கம்பாடியில் பத்து நாள் பின்தங்கிய தேதி. பழவேற்காட்டு டச்சுக் கோட்டைக்கும் சென்னை ஆங்கிலேயர் கோட்டைக்கும் இடையிலும் அதே பத்து நாள் வித்தியாசம். நடுவே வாழ்ந்த நம் மக்கள் பஞ்சாங்கம் பார்த்து நாள் குறித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு இந்தச் சண்டையால் ஒரு நட்டமும் இல்லை.

ஆங்கிலேயர் இறங்கிவந்தது 170 ஆண்டு கழித்து. ஆசியாவில் அவர்கள் ஆண்ட இடங்களையும் சேர்த்து நாடாளுமன்றம் சட்டம் இயற்றியதால், 1752 செப்டம்பர் 2, புதன்கிழமைக்கு மறுநாள் புனித ஜார்ஜ் கோட்டைக்கும் செப்டம்பர் 14, வியாழக்கிழமைதான். இந்தத் தடவை அவர்கள் விட வேண்டியிருந்தது பத்து நாள் அன்று, பதினொரு நாள். 1700ஐ லீப் ஆண்டாகக் கொண்டாடியதற்கான வட்டி அந்த ஒரு நாள்.

வணக்கம்.