கட்டுப் பிரித்த கை

நேயர்களுக்கு என் அன்பு வணக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஆறு வாரம் மாவுக்கட்டு. வலி சில நாளில் அடங்கிவிட்டது. என்னைப் பாடாய்ப் படுத்தியது சட்டைப் பொத்தான்தான். இடது கையால் மட்டும் ஒரு பொத்தானைப் போட்டுப் பாருங்கள். ஆள்காட்டி விரல் துளையைத் தேடும், கட்டைவிரல் பொத்தானைத் தள்ளும், துணியை இழுத்துப் பிடிக்க மறு கை இல்லாததால் துளை நழுவிப் போய்விடும். முதல் நாள் மூன்றாவது பொத்தானோடு தோற்றுப்போய்க் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். மகன் வந்தான். ஒரு வார்த்தை பேசாமல் மீதியைப் போட்டுவிட்டு, காலரையும் மடித்துச் சரிசெய்துவிட்டுப் போனான்.

கட்டைப் பிரித்தபோது உள்ளே இருந்த கை வெளிறி, தோல் உரிந்து, யாருடையதோ போல இருந்தது. கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொடுங்கள் என்றார் மருத்துவர். நடுங்கி நடுங்கிப் போய்த் தொட்டது. அந்த நிமிடத்தில் எனக்கு வேறு எதுவுமே வேண்டியிருக்கவில்லை. கட்ட வேண்டிய கடன் அப்படியேதான் இருந்தது, வர வேண்டிய பணமும் வரவில்லை. ஆனாலும் உலகத்தில் என்னைவிட வசதியானவன் யாரும் இல்லை என்று தோன்றியது.

அந்த நிறைவு எத்தனை நாள் தங்கியது என்கிறீர்கள்? ஒரு மாதம்கூட இல்லை. கை பழையபடி ஆனது, நானும் பழையபடி ஆனேன். இதைத்தான் இன்றைக்கு உங்களிடம் பேச நினைத்தேன். இல்லாததால் வருகிற குறையைவிட, இருப்பது கண்ணுக்குத் தெரியாமல் போவதால் வருகிற குறைதான் நம்மில் பலருக்கு அதிகம்.

அமெரிக்காவில் 1978-இல் பிலிப் பிரிக்மன் என்ற உளவியலாளரும் அவருடன் இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். லாட்டரியில் பெரும் பரிசு விழுந்த 22 பேரையும், பரிசு எதுவும் விழாத 22 பேரையும் ஒப்பிட்டார்கள். பரிசு விழுந்தவர்கள் மற்றவர்களைவிடக் குறிப்பிடும்படி மகிழ்ச்சியாக இல்லை. அதைவிட என்னை யோசிக்க வைத்தது இன்னொரு முடிவு. நண்பரோடு பேசுவது, காலை உணவு சாப்பிடுவது, ஒரு நல்ல நகைச்சுவையைக் கேட்பது, இப்படிச் சின்னச் சின்ன விஷயங்களில் கிடைக்கிற சுகம் பரிசு பெற்றவர்களுக்குக் குறைவாக இருந்தது. சிறிய ஆய்வுதான், அதை வைத்து எல்லோருக்கும் சட்டம் எழுதிவிட முடியாது. ஆனால் பெரிய வெளிச்சத்தைப் பார்த்துவிட்ட கண்ணுக்கு விளக்கு மங்கலாகத் தெரிவதை நாம் எல்லோரும் அனுபவித்திருக்கிறோமே.

இருப்பது கண்ணுக்குத் தெரியாமல் போவதற்கு இன்னொரு காரணம், ஒப்பீடு. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கின் ஒளிப்பதிவுகளை வைத்து, பதக்கம் வென்றவர்களின் முகங்களைச் சில உளவியலாளர்கள் ஆராய்ந்தார்கள். வெண்கலம் வாங்கியவர்கள் வெள்ளி வாங்கியவர்களைவிட மகிழ்ச்சியாகத் தெரிந்தார்கள். வெள்ளிக்காரர் கைநழுவிப் போன தங்கத்தை நினைக்கிறார், வெண்கலக்காரரோ ஒன்றுமே கிடைக்காமல் போயிருக்கக்கூடியதை நினைக்கிறார் என்பது அவர்கள் தந்த விளக்கம். வெள்ளிதான் பெரியது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மனசு அதை எதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சரி, பழகிப்போன கண்ணை எப்படித் திறப்பது? இருப்பதையெல்லாம் பட்டியல் போடுங்கள் என்று பலரும் சொல்வார்கள். அது நல்ல பழக்கம்தான், பலன் உண்டு என்று ஆய்வுகளும் சொல்கின்றன. ஆனால் எனக்கு அது பத்து நாளில் வருகைப்பதிவு எடுப்பது மாதிரி ஆகிவிட்டது. கண் இருக்கிறது, காது இருக்கிறது, வீடு இருக்கிறது என்று எழுதிக்கொண்டே போவேன், மனசு எங்கேயோ இருக்கும். எனக்குக் கைகொடுத்தது கூட்டல் அல்ல, கழித்தல். 2008-இல் வெளியான ஓர் ஆய்வு இதைச் சோதித்துப் பார்த்தது. தங்கள் துணையை எப்படிச் சந்தித்தோம் என்று சிலரை எழுதச் சொன்னார்கள். சந்திக்காமலே எப்படிப் போயிருக்கலாம் என்று வேறு சிலரை எழுதச் சொன்னார்கள். சந்திக்காமல் போயிருந்தால் என்று எழுதியவர்களுக்குத்தான் தங்கள் உறவில் நிறைவு கூடியது.

என் நெருங்கிய நண்பர் ஒருவரை நான் சந்தித்ததே ரயிலைத் தவறவிட்ட ஒரு நாளில்தான். அடுத்த வண்டிக்காக ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அன்று நான் இரண்டு நிமிடம் முன்னால் கிளம்பியிருந்தால் அந்த மனிதர் எனக்கு இல்லை. என் துக்கத்தில் இரவெல்லாம் கூட உட்கார்ந்திருந்தவர் இல்லை. இதை நினைத்த மறுகணம் அவருக்குப் போன் போட்டேன். "என்னப்பா விசேஷம்?" என்றார். "ஒன்றுமில்லை, சும்மாதான்" என்றேன். அரைமணி நேரம் பேசினோம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். நான் சொல்வது வயிறு நிறைந்தவர்களுக்கு. 1944-இன் இறுதியில் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஒரு பரிசோதனை தொடங்கியது. தாங்களாகவே முன்வந்த 36 இளைஞர்களுக்கு ஆறு மாத காலம் ஏறத்தாழ பாதி உணவுதான் கொடுத்தார்கள். உடல் இளைத்தது மட்டுமல்ல, அவர்கள் நினைப்பு முழுவதும் சாப்பாடாகவே ஆகிப்போனது. சிலர் சமையல் புத்தகங்களைப் படித்துக்கொண்டிருந்தார்கள். உண்மையான இல்லாமை மனிதனின் மனசையே பிடுங்கிக்கொண்டு போய்விடும். அப்படி இருக்கிற ஒருவரிடம் போய், 'போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்து' என்று சொல்வது கொடுமை. அது தனக்குத் தானே எடுத்துக்கொள்ள வேண்டிய மருந்து. அடுத்தவர் வாயில் ஊற்றுவதற்கு நமக்கு உரிமை கிடையாது. கூலி கேட்பவரிடமும் உரிமை கேட்பவரிடமும் மனநிறைவைப் பற்றி உபதேசம் செய்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

நேரமும் ஒரு செல்வம்தான். 'மூச்சு விட நேரமில்லை' என்று சொல்லாத ஆள் இல்லை. 2012-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரு மாணவரின் கட்டுரையைத் திருத்திக் கொடுக்கும் வேலையைச் சிலருக்குக் கொடுத்தார்கள். மற்றவர்களிடம், வேலை இல்லை, சீக்கிரமே கிளம்பலாம் என்று சொல்லிவிட்டார்கள். பிறகு கேட்டபோது, தங்களிடம் நேரம் அதிகம் இருப்பதாக உணர்ந்தவர்கள் உதவி செய்தவர்கள்தான். ஒன்றைச் செய்து முடித்தோம் என்ற தெம்புதான் காரணம் என்றார்கள் ஆய்வாளர்கள். என் மகன் அன்று மூன்று பொத்தான்களுக்குச் செலவிட்டது அரை நிமிடம் இருக்கலாம். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தவன்தான். ஆனால் காலரை மடித்துவிடும் வரை அவன் கையில் அவசரமே இல்லை.

இப்போதும் தினமும் சட்டை போடும்போது மூன்றாவது பொத்தானில் என் கை ஒரு நொடி நிற்கிறது. மணிக்கட்டு மழைநாளில் கொஞ்சம் வலிக்கும். மறந்துபோகிற நாளும் உண்டு, அன்றைக்கு அந்த வலியே ஞாபகப்படுத்திவிடும். துளை விரலுக்குத் தட்டுப்படுகிறது. பொத்தான் உள்ளே போகிறது.

நன்றி, வணக்கம்.