நாற்பதில் தொடங்கினாலும் போட்டிக் களம் வேண்டும்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி அன்பர்களே, அவையோரே, அனைவருக்கும் என் வணக்கம்.

நடுவயதில் போர்க்கலை கற்கத் தொடங்குபவர் பயிற்சியோடு நின்றுவிடுவது நல்லதா, போட்டியிலும் இறங்குவது நல்லதா என்பது இன்றைய தலைப்பு. போட்டியிலும் இறங்குவதே நல்லது என்று வாதிட நான் வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், பயிற்சியை மனமாரப் பாராட்டிவிட்டு, போட்டியை மட்டும் மூன்று காரணங்களால் மறுத்தார். உடல் தாங்காது என்றார். சிறுவயதில் தொடங்கியவர்களை வெல்ல முடியாது என்றார். பிறர் முன் தன்னை நிரூபிக்கத் துடிக்கும் வீம்பே இதன் வேர் என்றார். இவற்றுள் முதலாவது காரணம் மட்டுமே கனமானது. ஆகவே என் நேரத்தின் பெரும்பகுதியை அதற்கே கொடுக்கிறேன்.

முப்பது வயதைக் கடந்த உடல் மாறுகிறது என்பதை நான் மறுக்கவில்லை. முறையான பயிற்சி இல்லாவிட்டால் ஒவ்வொரு பத்தாண்டிலும் தசையில் ஏறத்தாழ 3 முதல் 8 சதவீதம் கரைகிறது. இதயத்தின் உச்சத் துடிப்பு குறைகிறது. தசைநாண்களில் ஏற்படும் சிறு காயம்கூட ஆறுவதற்குக் கூடுதல் நாள் எடுத்துக்கொள்கிறது. ஆனால் பயிற்சிக்குப் பதில் சொல்லும் திறனை உடல் எந்த வயதிலும் முழுமையாக இழப்பதில்லை. முதியோர் இல்லத்தில் வாழ்ந்த, தொண்ணூறு வயதையொட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் கடுமையான எடைப்பயிற்சி கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 1990ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியானது. பயிற்சியை முடித்த ஒன்பது பேரின் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. அவர்களை மல்யுத்தக் களத்துக்கு அனுப்புங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. தொண்ணூறில் கதவைச் சாத்தாத உடல், நாற்பதில் சாத்திவிட்டது என்று தீர்ப்பெழுத நாம் அவசரப்பட வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

இனி எதிரணி கேட்டுக்கொள்ளாத ஒரு கேள்விக்கு வருகிறேன். தாமதமாகத் தொடங்கியவர் எங்கே காயப்படுகிறார்? ஆண்டுக்கு ஓரிரு முறை இறங்கும் போட்டிக் களத்தில் அவர் கழிப்பது சில நிமிடங்கள்; பயிற்சிக்கூடத்தின் விரிப்பில் அவர் கழிப்பதோ வாரந்தோறும் பல மணி நேரம். அந்தக் கூடத்தில் அவருக்கு இணையாக வாய்ப்பவர் யார்? அன்றைக்கு வந்திருப்பவர்தான். இருபத்திரண்டு வயது இளைஞராக இருக்கலாம், இருபது கிலோ கூடுதல் எடை உள்ளவராக இருக்கலாம், பத்தாண்டு அனுபவசாலியாகவும் இருக்கலாம். போட்டியில் அப்படி நடக்காது. எதிராளியைப் பிடித்து எறியும் ஜப்பானியக் கலையான ஜூடோவில் மூத்தோர் பிரிவு முப்பது வயதிலேயே தொடங்கி ஐந்தைந்து ஆண்டுகளாகப் பிரிகிறது. தரையில் பிடிபோட்டு எதிராளியைச் சரணடைய வைக்கும் பிரேசிலிய ஜியு-ஜிட்சுவில் மாஸ்டர் எனப்படும் மூத்தோர் பிரிவுகள் முப்பதில் தொடங்கி அறுபதைத் தாண்டியும் செல்கின்றன. வாள்வீச்சின் உலக மூத்தோர் போட்டியில் எழுபது வயதைக் கடந்தவர்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. ஜியு-ஜிட்சுவில் வயதோடு எடையும் பார்க்கிறார்கள், தேர்ச்சி நிலையைக் காட்டும் பெல்ட்டின் நிறமும் பார்க்கிறார்கள். நாற்பத்தேழு வயதுத் தொடக்கநிலை வெள்ளை பெல்ட்காரர் முன்னால், ஏறத்தாழ அதே வயதும் அதே எடையும் அதே அனுபவமும் கொண்ட இன்னொரு வெள்ளை பெல்ட்காரரே வந்து நிற்கிறார்.

விதிகளும் வயதைக் கவனத்தில் கொண்டே எழுதப்பட்டிருக்கின்றன. சர்வதேச பிரேசிலிய ஜியு-ஜிட்சு கூட்டமைப்பு, குதிகாலைப் பிடித்து முழங்காலைத் திருகும் ஹீல் ஹூக் என்னும் பிடியை 2021ஆம் ஆண்டு அனுமதித்தபோது, பயிற்சி அங்கி அணியாமல் மோதும் வகையில், அதுவும் மாஸ்டர் அல்லாத அடல்ட் பிரிவின் உயர்நிலையினரான பழுப்பு, கருப்பு பெல்ட்காரர்களுக்கு மட்டுமே அனுமதித்தது. மாஸ்டர் பிரிவினருக்கு அந்தப் பிடி இன்றும் தடைதான். இளம் கருப்பு பெல்ட்காரர்கள் பத்து நிமிடம் மோத வேண்டிய இடத்தில் மாஸ்டர் பிரிவினருக்கு ஐந்து அல்லது ஆறு நிமிடமே. அருகில் நிற்கும் ரெஃப்ரிக்கு வேறு வேலையே இல்லை. அந்த இருவரை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கிறார். முப்பது பேர் புரளும் பயிற்சிக்கூடத்தில் எந்த ஆசிரியராலும் கொடுக்க முடியாத கவனம் அது.

எதிரணித் தலைவர் மார்க் சக்கர்பெர்க்கை எடுத்துக்காட்டினார். ஃபேஸ்புக்கை நிறுவிய அவர் 2023 நவம்பரில் முழங்காலின் ஏ.சி.எல். தசைநார் கிழிந்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார் என்பது உண்மை. ஆனால் முழுக் கதையையும் அவையில் வைக்க வேண்டாமா? அதே ஆண்டு மே மாதம் அவர் தம் முதல் ஜியு-ஜிட்சு போட்டியில் இறங்கித் தங்கமும் வெள்ளியும் பெற்றார். தசைநார் கிழிந்தது அங்கே அல்ல, ஸ்பாரிங் எனப்படும் பயிற்சி மோதலின்போது. குத்து, உதை, பிடி எல்லாம் கலந்த கலப்புத் தற்காப்புக் கலைச் சண்டை ஒன்றுக்கான தயாரிப்பில்தானே அது நிகழ்ந்தது என்று கேட்பீர்கள். ஆம், அதையும் ஒப்புக்கொள்கிறேன். அத்தகைய சண்டைக்காக நான் வாதிடவில்லை. வயது, எடை, அனுபவம் என்ற மூன்று வேலிகளும் உள்ள போட்டிக்காகவே வாதிடுகிறேன். ‘பயிற்சி பாதுகாப்பானது, போட்டி ஆபத்தானது’ என்ற கோட்டை வரைவதற்கு அந்தக் காயம் உங்களுக்கு உதவாது.

தலையில் அடி விழும் கலைகளைப் பற்றி நான் எதிரணியோடு பாதி தூரம் நடப்பேன். வயது கூடக் கூட மூளை சற்றே சுருங்கி, மண்டையோட்டுக்கும் அதற்கும் இடையிலான இடைவெளி பெருகுகிறது. அங்கே குறுக்கே ஓடும் சிறு ரத்தக் குழாய்கள் அடி விழும்போது எளிதில் அறுபடக்கூடும். தொழில்சாராக் குத்துச்சண்டையின் முதன்மைப் பிரிவுக்குச் சர்வதேச அளவில் 40 வயதை மேல்வரம்பாக வைத்திருப்பதை நான் வரவேற்கிறேன். ஐம்பதில் தொடங்குகிறவர் ஜூடோ, ஜியு-ஜிட்சு, வாள்வீச்சு போன்ற கலைகளில் போட்டியிடட்டும். முழு வேகத்தில் தலையைக் குறிவைக்கும் சண்டையைத் தவிர்க்கட்டும். ஓராண்டாவது பயின்று, மருத்துவரைப் பார்த்து, எடைப் பிரிவுக்காகப் பட்டினி கிடக்காமல் களம் இறங்கட்டும். மாட்டிக்கொண்டோம் என்று தெரிந்த நொடியில் கையைத் தட்டிச் சரணடையவும் கற்றுக்கொள்ளட்டும்.

காயத்தைப் பற்றிப் பேசியாயிற்று. ஆனால், போட்டியில் ஆபத்து குறைவு என்பதற்காக மட்டும் அதை நான் ஆதரிக்கவில்லை. வயதில் மூத்த மாணவருக்குப் பயிற்சிக்கூடம் முழு உண்மையைச் சொல்வதில்லை என்பதே என் முதன்மையான காரணம். அவர் பிடித்தால் இளைஞர்கள் பிடியைத் தளர்த்துகிறார்கள். அவர் தூக்கி வீச முனைந்தால் பாதி தூரம் தாங்களே துள்ளி விழுகிறார்கள். மூச்சு வாங்கினால் ‘மெதுவாகவே செய்யலாம் ஐயா’ என்கிறார்கள். அது மரியாதை, அது அன்பு. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அந்த அன்பினால், தாம் கற்ற வீச்சு உண்மையில் வேலை செய்கிறதா என்பது அந்த மாணவருக்கு எத்தனை ஆண்டு ஆனாலும் தெரியாமலே போகிறது. தெரியாததைத் தெரிந்ததாக நம்பிக்கொண்டு பெல்ட் நிறம் மட்டும் மாறுவதைவிடக் கற்பவருக்கு வேறு என்ன இழப்பு வேண்டும்?

போட்டியில் எதிரே நிற்பவர் அந்நியர். அவர் காலரைப் பிடித்தால் விடமாட்டார். முதல் நிமிடத்திலேயே முன்கை இரும்பாய் இறுகி, கூடத்தில் எளிதாக வந்த நுட்பம் கைக்கு எட்டாமல் போகும். பதற்றத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு மோதியது ஆட்டம் முடிந்த பிறகுதான் உறைக்கும். தோற்று வெளியே வருகிறவரிடம் ஒரு துல்லியமான தகவல் இருக்கிறது: என் கால்களை இடப்பக்கமாகக் கடந்து வருகிறவரைத் தடுக்க எனக்குத் தெரியவில்லை என்பது போல. அடுத்த வாரம் அவர் ஆசிரியரிடம் கேட்கும் கேள்வி மாறுகிறது, தூங்கும் நேரம் மாறுகிறது, வலிமைப் பயிற்சியைத் தள்ளிப்போடும் பழக்கம் மாறுகிறது. வயதானவருக்கு வீணாக்க நாள்கள் குறைவு. எதைக் கற்க வேண்டும் என்று சுட்டிக்காட்டும் கருவி இளைஞரைவிட அவருக்கே அதிகம் தேவை.

விழுவதையும் இங்கே சொல்லியாக வேண்டும். கீழே விழுவதால் உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் உயிரிழக்கிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது; அறுபதைக் கடந்தவர்களே அவர்களில் மிகுதி. ஜூடோ மாணவர் முதல் நாளே கற்கும் பாடம், அடிபடாமல் விழும் உக்கெமி. கூடத்தில், எறியப்படப் போகிறோம் என்று தெரிந்தே விழுகிறோம். எதிர்பாராத கோணத்தில், எதிர்பாராத நொடியில் விழுந்தும் முகவாயை மார்போடு ஒட்டிக்கொள்ள உடல் பழகியிருக்கிறதா என்பதைப் போட்டியே சோதிக்கிறது.

இரண்டாவது காரணம், வெல்ல முடியாது என்பது. நாற்பத்தைந்தில் உலகப் பட்டம் வென்ற ஜார்ஜ் ஃபோர்மனையோ, நாற்பத்தொன்பதிலும் உலகப் பட்டம் வென்ற பெர்னார்ட் ஹாப்கின்ஸையோ நான் சாட்சிக்கு அழைக்க மாட்டேன். அவர்கள் இளமையிலேயே குத்துச்சண்டையில் இறங்கியவர்கள். தாமதமாகத் தொடங்கியவர்களுக்கு அவர்களைக் காட்டுவது நேர்மையாகாது. நான் அழைப்பது ஆண்டனி போர்டெய்னை. சமையற்கலைஞராகவும் எழுத்தாளராகவும் உலகம் அறிந்த அவர், ஐம்பத்தெட்டு வயதில் ஜியு-ஜிட்சு பயிலத் தொடங்கி, 2016ஆம் ஆண்டு நியூயார்க்கில் நடந்த திறந்த போட்டியில் மூத்தோருக்கான நீல பெல்ட் பிரிவில் தங்கம் வென்றார். மூத்தோர் பிரிவுகளில் சில வேளை இருவரோ மூவரோ மட்டுமே பதிவு செய்திருப்பார்கள், அங்கே பதக்கத்தின் எடை குறைவுதான் என்று எதிரணி சொன்னால் அதையும் ஏற்கிறேன். அந்த ஓர் ஆட்டம் கற்றுத்தருவது அதனால் குறைந்துவிடுவதில்லை.

வீம்பு என்ற மூன்றாவது குற்றச்சாட்டுக்கு நீண்ட பதில் தேவையில்லை. தொழிலிலும் குடும்பத்திலும் மதிப்புப் பெற்ற ஒருவர், வெள்ளை பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, முன்பின் அறியாதவர்கள் பார்க்கத் தோற்கச் சம்மதித்து வந்து நிற்கிறார். வீம்பு பிடித்தவர் தேர்ந்தெடுக்கும் இடமா அது?

எதிரணியின் அடுத்த பேச்சாளர் எழுந்ததும் ஒரு கேள்விக்கு நேரான விடை தர வேண்டுகிறேன். வயதும் எடையும் அனுபவமும் ஒத்த எதிராளியோடு, தனி ரெஃப்ரியின் கண்காணிப்பில், ஆபத்தான பிடிகள் விலக்கப்பட்ட விதிகளின்கீழ் ஐந்து நிமிடம் மோதுவது நடுவயதுக்காரருக்குக் கூடாது என்றால், இவற்றுள் எதுவுமே உறுதியில்லாத பயிற்சிக்கூடத்தில் வாரந்தோறும் மோதுவதை எந்த அடிப்படையில் அவருக்குப் பரிந்துரைக்கிறீர்கள்? அந்த விடையைக் கேட்ட பின் தீர்ப்பை எழுதுமாறு நடுவர் அவர்களை வேண்டி அமர்கிறேன். நன்றி, வணக்கம்.